குப்பை அள்ளினால் 6 பாயின்ட்: நைரோபி சேரியின் ஃபுட்பால் லீக் எப்படி இயங்குகிறது?

ஃபுட்பால் லீக்கில் ஒரு மேட்ச் ஜெயிச்சா எத்தனை பாயின்ட்? 3 என்பீர்கள். கென்யத் தலைநகர் நைரோபியின் மத்தாரே சேரியில் உள்ள லீக்கிலும் அதேதான். ஆனால் டீமாகச் சேர்ந்து தெருவையும் சாக்கடையையும் சுத்தம் செய்தால் 6 பாயின்ட்!

யார் ஆரம்பித்தது?

மத்தாரே இளைஞர் விளையாட்டுச் சங்கம், சுருக்கமாக ‘மைசா’, 1987-ல் தொடங்கியது. தொடங்கியவர் கனடாவைச் சேர்ந்த பாப் மன்ரோ. தகரக் கூரை வீடுகள் நெருக்கியடிக்கும் மத்தாரேயில் குப்பை அள்ள ஆள் வருவதே அரிது. தேங்கிய சாக்கடையால் நோய்களும் வரும். சிறுவர்களுக்கோ பந்து விளையாட வேண்டும். இரண்டையும் ஒரே பாயின்ட் டேபிளில் சேர்த்ததுதான் மைசாவின் ஐடியா.

முடிவு எடுப்பது யார்?

இங்கேதான் விஷயமே இருக்கு. ஒவ்வொரு பகுதியிலும் லீக்கை நடத்தும் கமிட்டிக்கு டீம்களே பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கின்றன. அவர்களில் பலர் பதின்ம வயதினர். பயிற்சி தருவது, ரெஃப்ரியாக நிற்பது, துப்புரவை முன்நின்று நடத்துவது என எல்லா வேலைக்கும் தனிநபர் பாயின்ட் உண்டு. அதிகப் பாயின்ட் எடுப்பவர்களுக்குப் பள்ளிக் கட்டணம் கிடைக்கும். 1992-ல் பெண்களுக்கான ஃபுட்பாலும் தொடங்கியது.

பலன் என்ன?

1992-ல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் ‘குளோபல் 500’ விருது கிடைத்தது. மைசாவிலிருந்து உருவான மத்தாரே யுனைடெட் அணி, 2008-ல் கென்ய பிரீமியர் லீக் சாம்பியன் ஆனது.

அப்போ சேரி மாறிடுச்சா?

இல்லை. 2024 ஏப்ரல் வெள்ளத்தில் மத்தாரே ஆற்றோர வீடுகள் மூழ்கின. அடுத்த மாதமே, ஆற்றங்கரை ஆபத்தான பகுதி என்று சொல்லி அங்கிருந்த வீடுகளை அரசு புல்டோசரால் இடித்தது. பிள்ளைகள் சாக்கடையைத் தூர்வாரலாம். நிலப் பட்டாவும் வடிகாலும் தர அவர்களால் முடியாது. அது அரசின் வேலை.

நமக்கு என்ன?

உங்க கம்பெனியின் சி.எஸ்.ஆர். டீமோடு வார இறுதியில் ஒரு குடியிருப்புக்குப் போகிறீர்களா? போட்டோ எடுப்பதற்கு முன் ரெண்டு கேள்வி கேளுங்க: இங்கே திட்டத்தை முடிவு செய்வது யார்? நாம் கிளம்பிய பிறகும் அதை நடத்தப் போவது யார்? இரண்டுக்கும் அந்தத் தெருப் பிள்ளைகளே பதில் என்றால், வேலை சரியாக நடக்கிறது.