நான்காவது கதவு

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போகும் சாலையை ஒட்டி, வேலிக்கருவைக்கு நடுவே, என் தாய்மாமனின் பழைய பருத்திக் கிட்டங்கி ஒன்று நிற்கிறது. பஞ்சு மூட்டைகள் போய்ப் பல ஆண்டுகள் ஆயின. இப்போது அதற்குள் இருப்பது ஒரே ஒரு பொருள். சரியாகச் சொன்னால் ஒரே பொருளின் பல துண்டுகள். 1970 இல் பதிவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் த்ரீ கார். மாமா காலமான பிறகு, 2017 இல், அதைப் புதுப்பிக்கிறேன் என்று சொல்லிப் பிரித்தவன் நான். 2020 இல் வேலை நின்றது. இப்போது நிலத்தைப் பங்கு வைக்கவேண்டி வந்திருப்பதால் கிட்டங்கியைக் காலி செய்தாக வேண்டும். வண்டியை முடிப்பதா, விற்பதா?

இந்தக் கேள்விக்கு விடை தேடப் போய், அந்த வண்டியின் வரலாற்றுக்குள் நுழைந்துவிட்டேன். தமிழ் படித்தவனுக்கு இயந்திரங்களின் வரலாற்றில் என்ன வேலை என்று கேட்கலாம். ஆனால் சென்னையில் பிறந்த ஒரு காரின் கதை தமிழில் எழுதப்பட வேண்டிய ஒன்று என்பது என் எண்ணம்.

அம்பாசடர் கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவிலிருந்து வந்தது. ஃபியட் பம்பாயிலிருந்து வந்தது. நாடு விடுதலை பெற்ற பிறகான முப்பது ஆண்டுகளில் இந்தியச் சாலைகளில் ஓடிய மூன்று கார்களில் மூன்றாவதான ஸ்டாண்டர்டு நம்முடையது. 1948 இல் தொடங்கப்பட்ட ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற நிறுவனத்தின் தொழிற்சாலை, சென்னைக்குத் தெற்கே வண்டலூர், பெருங்களத்தூர்ப் பகுதியில் இருந்தது. இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து முதலில் வேன்கார்டு, பிறகு டென் போன்ற கார்களை அங்கே பூட்டினார்கள். 1961 இல் ஹெரால்டு வந்தது.

கவென்ட்ரியில் அதன் பெயர் டிரையம்ப் ஹெரால்டு. 1959 ஏப்ரலில் லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கத்தில் அதை அறிமுகம் செய்தபோது, மேடையிலேயே பணியாளர்கள் பாகங்களைக் கொண்டுவந்து சில நிமிடங்களில் ஒரு முழுக் காரைப் பூட்டிக் காட்டினார்களாம். இதைப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. நான் பிரித்துப் போட்டு எத்தனை ஆண்டுகள்!

அந்த மேடை வித்தைக்குக் காரணம் ஒரு நெருக்கடி. அக்காலத்தில் பெரும்பாலான கார்கள் சட்டம் தனி, உடல் தனி என்ற பழைய முறையைக் கைவிட்டு, தகட்டுக் கூடே சட்டமும் ஆகிவிடும் ஒற்றையுடல் முறைக்கு மாறிக்கொண்டிருந்தன. அம்பாசடரும் ஃபியட்டும் அப்படிப்பட்டவையே. ஸ்டாண்டர்டு நிறுவனத்துக்கு உடல் செய்து தந்துகொண்டிருந்த ஃபிஷர் அண்டு லட்லோ என்ற ஆலையை 1953 இல் போட்டி நிறுவனமான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு உடலைச் செய்து தர ஆள் இல்லாமற் போகவே, தனிச் சட்டம் ஒன்றைச் செய்து, வெவ்வேறு இடங்களில் அடித்த சிறு சிறு தகட்டுப் பகுதிகளை அதன்மேல் போல்ட்டு போட்டு முடுக்கிவிடலாம் என்று முடிவு செய்தார்கள். வடிவம் தந்தவர் இத்தாலியர் ஜியோவானி மிக்கெலோட்டி. முன் மட்கார்டுகளோடு சேர்ந்து முழு மூக்கும் முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும் அந்த பானெட்டைச் சிறுவயதில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். முதலை வாயைப் பிளந்தது போல இருக்கும். டயர்மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சின் வேலை பார்க்கலாம்.

வேறு வழியின்றிச் செய்த இந்த ஏற்பாடே, பெட்டிகளில் பாகங்கள் வந்திறங்கிப் பூட்டப்படும் சென்னை போன்ற ஊர்களுக்கு வரமாக அமைந்தது. பிரிக்கலாம், பூட்டலாம், ஒரு பகுதியை மட்டும் உள்ளூரில் மாற்றிச் செய்யலாம். அப்படி மாற்றிச் செய்ததில்தான் சென்னையின் கைவண்ணம் இருக்கிறது. இங்கிலாந்தில் ஹெரால்டுக்கு எப்போதும் இரண்டு கதவுகளே. கூட்டுக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கோயிலுக்கும் கலியாணத்துக்கும் போகும் நாட்டில், முன்னிருக்கையை மடக்கிப் பாட்டியைப் பின்னால் ஏற்றுவது எத்தனை நாளைக்கு நடக்கும்? அறுபதுகளின் இறுதியில் பெருங்களத்தூர்க்காரர்கள் நான்கு கதவு ஹெரால்டு ஒன்றை உருவாக்கினார்கள். அதுவே மார்க் த்ரீ. உலகில் வேறெங்கும் செய்யப்படாத ஹெரால்டு அது. முன்கதவைக் குறுக்கி, நடுவில் ஒரு தூண் நிறுத்தி, பின்கதவுக்குப் புதிதாக அச்சு வார்த்தார்கள். மிக்கெலோட்டியின் மூலபாடத்தில் சென்னை செய்த இடைச்செருகல் என்று சொல்லலாம்.

அதன் பிறகு கதை வேகமாகச் சரிகிறது. 1972 இல் கசெல் என்ற பெயரில் ஹெரால்டையே மாற்றி விட்டார்கள். இரு பின்சக்கரங்களும் தனித்தனியே ஆடும் அச்சுக்குப் பதிலாக அதில் வழக்கமான ஒற்றை அச்சு. 1977 இல் அதுவும் நின்றது. சில ஆண்டுகள் வேன்கள் மட்டும். 1985 இல், ரோவர் எஸ்.டி.1 என்ற ஆடம்பர காரின் உடலுக்குள் பழைய வேன்கார்டு வழிவந்த 1991 சி.சி. எஞ்சினைப் பொருத்தி ஸ்டாண்டர்டு 2000 என்று விற்க முயன்றார்கள். 1983 டிசம்பரிலேயே மாருதி வந்துவிட்ட நாட்டில் அந்தக் கனத்த வண்டிக்கு இடம் இல்லை. 1988 இல் உற்பத்தி நின்றது. இங்கிலாந்தில் 1963 லேயே அணைந்துவிட்ட ஸ்டாண்டர்டு என்ற பெயரை மேலும் கால் நூற்றாண்டு காப்பாற்றி வைத்திருந்தது நம்முடைய பெருங்களத்தூர். ஆலையில் தேங்கிக் கிடந்த ரோவர் உதிரிபாகங்களைப் பிற்பாடு ஒரு பிரிட்டிஷ் வணிகர் மொத்தமாக வாங்கிக் கப்பலேற்றினார் என்பது இந்த வரலாற்றின் வேடிக்கையான பின்னுரை.

கிட்டங்கிக்கு வருகிறேன். புதுப்பிக்கத் தொடங்கியபோது எஞ்சின்தான் காலை வாரும் என்று நினைத்தேன். அப்படியில்லை. 948 சி.சி. எஞ்சினுக்கான கேஸ்கெட்டும் பேரிங்கும் பிஸ்டன் ரிங்கும் இங்கிலாந்திலிருந்து தபாலில் வருகின்றன. பிரேக் சிலிண்டர் வருகிறது. முன்சக்கரத்தைத் தாங்கும் பாகங்கள், டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் போன்ற பிற வண்டிகளுக்கும் பொதுவானவை என்பதால், இன்றும் புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. வராதது கதவு ஒன்றே. பின்பக்க இடது கதவு. துரு தட்டிப் பட்டி பார்ப்பதற்காக அதைக் கழற்றி ஒரு டிங்கரிங் பட்டறையில் விட்டிருந்தேன். பெருந்தொற்றுக் காலத்தில் பட்டறையைக் காலி செய்தபோது மற்ற தகடுகளோடு அதுவும் காயலான் கடைக்குப் போய்விட்டது. அவரை நொந்து பயனில்லை. மூன்று ஆண்டுகள் எடுக்காமல் விட்டது நான். அதன்பின் தெரிந்தது, சீமையில் செய்த பாகம் எல்லாமே கிடைக்கிறது, நம்மூரில் செய்த கதவு உலகத்தில் எங்குமே கிடைப்பதில்லை என்று. பிரிட்டிஷ்காரர்கள் தங்கள் பழைய வண்டிகளுக்குச் சங்கம் வைத்து, பட்டியல் போட்டு, அச்சுகளைக் காப்பாற்றி வைத்தார்கள். நாம் இடைச்செருகல் செய்தோம், ஏட்டைப் பேணவில்லை.

ஒரு வகையில் எங்கள் வறண்ட நிலம் வண்டிக்கு நல்லதே செய்திருக்கிறது. கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று ஹெரால்டின் சட்டத்தை அரித்துத் தின்றுவிடும். இங்கே சட்டம் உருக்காக இருக்கிறது. ஆனால் கரிசல் வேறு வகையில் கொல்லும். மழையில் உப்பி, கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் மண். செங்கல் அடுக்கி நிறுத்திய சட்டம் ஒவ்வோர் ஐப்பசியிலும் ஒரு பக்கமாகச் சாய்கிறது. தனிச் சட்டத்து வண்டியில் சட்டம் முறுக்கிக்கொண்டால் கதவுகள் சந்து பொருந்தா. சும்மா வைத்திருக்கிறேன் என்பது பொய். வைத்திருப்பது ஒவ்வோர் ஆண்டும் எதையோ கெடுக்கிறது.

சட்டபூர்வமான பக்கத்தையும் பார்த்தேன். 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனி விதிகளை அறிவித்தது. முதற்பதிவாகி ஐம்பது ஆண்டுகள் கடந்த, மூல வடிவம் பெரிதாக மாற்றப்படாத வண்டிக்கு ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளோடு தனி எண். கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். கண்காட்சிக்கும் பேரணிக்கும் ஓட்டலாம். எண்ணெய் போடவும் பழுது பார்க்கவும் எடுத்துச் செல்லலாம். அன்றாடம் ஓட்டக் கூடாது. சாதாரணப் பதிவைப் புதுப்பிப்பதென்றால், 2022 இல் 5,000 ஆக உயர்ந்த கட்டணம், இருபது ஆண்டு கடந்த கார்களுக்கு 2025 இல் 10,000 ஆகியிருக்கிறது. மாமா அந்த வண்டியில் நூல் கட்டுகளை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர். பேரணிக்கு மட்டும் வெளியே வரும் ஹெரால்டை அவர் என்ன சொல்லியிருப்பாரோ.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு முன்மாதிரி தெரியும். 1977 இல் அருப்புக்கோட்டைத் தொகுதியில் வென்று முதலமைச்சரானவர் எம்.ஜி.ஆர். அவருடைய டி.எம்.எக்ஸ். 4777 அம்பாசடர் சென்னை தியாகராய நகர் நினைவு இல்லத்தில் நிற்கிறது. மக்கள் வரிசையாக வந்து பார்க்கிறார்கள். அது இனி ஓட வேண்டியதில்லை. யாருடையது என்பதே போதும். என் மாமா எம்.ஜி.ஆர். அல்ல. அவர் வண்டி ஓடினால்தான் வண்டி.

சில மாதங்களுக்கு முன் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து ஒருவர் வந்தார். அவரிடமும் ஒரு மார்க் த்ரீ இருக்கிறது. சட்டம் இற்றுப்போய்விட்டது, ஆனால் நான்கு கதவுகளையும் கழற்றி மாடியில் பத்திரமாக வைத்திருக்கிறார். என் வண்டியை அப்படியே எடுத்துக்கொண்டு, தன் கதவை அதில் மாட்டி முடிப்பதாகச் சொன்னார். தொண்ணூறாயிரம் தருகிறாராம். இதுவரை நான் செலவழித்ததில் பாதிகூடத் தேறாது. அந்த ஒரு கதவை எனக்கு விலைக்குத் தரமுடியுமா என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, “அப்ப என் வண்டி உங்க வண்டி மாதிரி ஆயிருமே சார்” என்றார்.

மிஞ்சிய வழி, வலது கதவைப் பார்த்து இடது கதவைக் கையால் அடித்துச் செய்யச் சொல்வது. மதுரையில் அதற்கு ஆள் இருக்கிறார்கள். இங்கேதான் என் படிப்பு குறுக்கே வந்தது. உ.வே.சா. 1894 இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, 267, 268 ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. சிதைந்த பாடல்களில் விட்டுப்போன இடங்களுக்குப் புள்ளி இட்டார். ஒரு சொல்லைத் தாமாக இட்டு நிரப்பும் புலமை அவருக்கு இல்லாமலா இருந்தது? வேறு ஏடு எங்காவது இருக்கும் என்று ஊர் ஊராகத் தேடினார், கிடைத்தால் ஒப்பிட்டார். அந்த மனிதரின் மாடியில் இருப்பது எனக்கு அந்த வேறு ஏடாகப் பட்டது.

இந்த ஒப்புமையில் ஓட்டை உண்டு என்பதும் தெரியும். சென்னைக்காரர்கள் மிக்கெலோட்டிக்குச் செய்ததைத்தானே மதுரை டிங்கர் சென்னைக்காரர்களுக்குச் செய்யப்போகிறார்? ஒன்று இடைச்செருகலாக இருந்தும் போற்றத்தக்கது, மற்றொன்று போலி என்று எந்த நியாயத்தில் சொல்வேன்? சொல்ல முடியவில்லை. ஆனால் அந்தக் கதவை நான் செய்யப்போவதில்லை என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. 2020 முதல் இன்றுவரை அதற்காக ஒருமுறைகூட மதுரைக்குப் பேருந்து ஏறவில்லை. மூலபாடம் பற்றிய என் கவலையில் பாதி, சோம்பலுக்குப் போட்ட பட்டி.

அத்தையிடம் போய்ச் சொன்னேன். எழுபத்தெட்டு வயது. வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார்: “கூறு போட்டு விக்கிறியா, முழுசா விக்கிறியா?” முழுதாகத்தான் என்றேன். “அப்பன்னா குடுத்துருய்யா. அந்தக் கதவு பக்கந்தான் நான் உக்காருவேன். மாட்டிட்டாகன்னா ஒரு நா கொண்டாந்து காட்டச் சொல்லு.”

வண்டிப் பதிவு இன்னும் மாமா பெயரிலேயே இருக்கிறது. உரிமையாளர் இறந்தபின் மாற்றுவதற்கான படிவம் 31 இல் அத்தை முதலில் கையெழுத்திட வேண்டும். பிறகு விற்பனைக்கான 29, 30. மூன்றையும் வாங்கி வைத்திருக்கிறேன். மழைக்கு முன் சட்டத்தைச் செங்கல்லிலிருந்து இறக்கி லாரியில் ஏற்றிவிட வேண்டும். பானெட்டை மட்டும் தனியே மினி லாரியில் அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள், நசுங்காமலிருக்க.