வண்டிக்கு வந்த பணம்: கம்பம் பள்ளத்தாக்கு நகராட்சிகளும் தேசிய நிதியும்



நிலம், இட ஒதுக்கீடு, வன்கொடுமை என்று பேச எவ்வளவோ இருக்க, ஒரு நினைவுரையில் நகராட்சி நிதியைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். குழாய், சாக்கடை, குப்பை வண்டி இவற்றைக் கையால் தொடுகிறவர்கள் யார் என்பது நமக்குத் தெரியும். அந்தக் கைகளுக்கும் டெல்லியிலிருந்து வரும் பணத்துக்கும் உள்ள உறவுக்கு ஒரு நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. அதை நம் ஊரிலிருந்தே தொடங்கலாம்.

லோயர்கேம்ப்பில் வண்ணான்துறை என்று ஓர் இடம். ஒரு சாதியின் வேலை அங்கே ஆற்றங்கரைக்குப் பெயராகியிருக்கிறது. அந்த இடத்தில் தடுப்பணை கட்டி, முல்லைப் பெரியாற்று நீரை எடுத்து, பண்ணைப்பட்டியில் சுத்திகரித்து, நாளொன்றுக்கு 12.5 கோடி லிட்டர் மதுரை மாநகராட்சிக்குக் கொண்டுபோவதற்கு ஒரு திட்டம் போடப்பட்டது. ஒன்றிய அரசின் அம்ருத் நிதியில் வந்த திட்டம். 2020 டிசம்பரில் அடிக்கல் நாட்டியபோது மதிப்பீடு ஏறத்தாழ 1,300 கோடி ரூபாய். கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகள் எதிர்த்தார்கள். மதுரைக்குத் தண்ணீர் கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை. ஆற்றில் விட்டு வைகை அணையிலிருந்து எடுங்கள் என்றார்கள். 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்கு அந்த ஆறுதான் ஆதாரம். நியாயமான கோரிக்கை. ஆனால் ஏக்கர் கணக்கில் பேசும்போது ஏக்கர் இல்லாதவர்கள் கணக்கில் வருவதில்லை. அந்த வயல்களில் நாற்று நடுகிறவர்களும் களை எடுக்கிறவர்களும் இந்த வழக்கில் எந்தத் தரப்பு என்று யாரும் கேட்கவில்லை.

இன்னொரு கேள்வியும் கேட்கப்படவில்லை. ஆற்றின் தலைமாட்டில் இருக்கும் கூடலூருக்கும் கம்பத்துக்கும் சின்னமனூருக்கும் 2015இல் அம்ருத் ஏன் வரவில்லை?

2015 ஜூனில் அம்ருத் தொடங்கியபோது 500 நகரங்கள் சேர்க்கப்பட்டன. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி ஒரு லட்சம் பேராவது இருக்க வேண்டும் என்பது பொது விதி. தேனி மாவட்டத்தில் ஆறு நகராட்சிகள். ஆறில் பெரியது தேனி அல்லிநகரம்; அதன் கணக்கு 94,453. குறைந்தது 5,547 பேர். நகராட்சி எல்லையை ஒட்டியே பழனிசெட்டிபட்டி பேரூராட்சி இருக்கிறது. நடந்து போனால் எந்த இடத்தில் ஊர் மாறுகிறது என்று தெரியாது. இரண்டையும் சேர்த்து எண்ணினால் கணக்கு வேறாக இருந்திருக்கும். விதிக்கு விலக்குகளும் இருந்தன. பாரம்பரிய நகரம் என்ற வகையில் வேளாங்கண்ணி பட்டியலுக்குள் வந்தது. ஒரு மாவட்டத்தின் குடிநீருக்கும் கழிவுநீருக்கும் கிடைக்கும் பணம், எல்லைக்கோடு எந்தத் தெருவில் போகிறது என்பதைப் பொறுத்து அமைந்துவிட்டது.

இந்த ஊர்களின் சாக்கடை முல்லையாற்றிலும் கொட்டகுடி ஆற்றிலும் கலந்து வைகை அணைக்குப் போகிறது. மதுரை நெடுங்காலம் குடித்தது அந்த அணைத் தண்ணீரைத்தான். இனி குழாய் லோயர்கேம்ப்பிலேயே தண்ணீரை வாங்கிக்கொள்ளும். நடுவில் உள்ள ஊர்களின் கழிவைத் தொடாமல் நீர் மதுரைக்குப் போய்ச் சேரும். கழிவு ஆற்றிலேயே இருக்கும்.

இப்போது கொஞ்சம் பின்னால் போவோம். நகராட்சிச் சொத்து யாருடையது என்ற கேள்வியை முதலில் கேட்டவர்கள் நம் முன்னோர். 1924இல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, பொதுக் கிணறு, குளம், பொது அலுவலகம் எவற்றிலும் எந்த வகுப்பாரையும் தடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். அதே ஆண்டு செப்டம்பர் 25இல் உள்ளாட்சித் துறையின் 2660ஆம் எண் அரசாணையாக அது வெளிவந்தது. அந்த ஆண்டில்தான் பம்பாய் மாகாணத்தின் மகாட் நகராட்சி, சவுதார் குளத்தை எல்லோருக்கும் திறப்பதாகத் தீர்மானம் போட்டது. தீர்மானம் காகிதத்திலேயே கிடந்தது. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு போய் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் நகராட்சி தன் தீர்மானத்தையே ரத்து செய்தது. நகராட்சித் தீர்மானங்களைப் படிக்கும் மாணவர்கள் இந்த இரண்டு தேதிகளையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

குளத்துக்கு அடுத்தது கக்கூஸ். விடுதலைக்குப் பின் பம்பாய் அரசு 1949இல் பார்வே குழுவை அமைத்தது. 1957இல் ஒன்றிய அரசு மல்கானி தலைமையில் ஒரு குழு போட்டது. அறிக்கை 1960இல் வந்தது. மலத்தைத் தலையில் சுமப்பதை ஒழிப்பதற்காக இந்தக் காலத்தில் நகராட்சிகளுக்கு டெல்லியிலிருந்து பணம் வந்தது. எதற்கு? தள்ளுவண்டி வாங்க. கூடை தலையிலிருந்து இறங்கி வண்டியில் ஏறியது. எடுப்புக் கக்கூஸ் அப்படியே இருந்தது, பின்சந்து அப்படியே இருந்தது, சந்துக்குள் போகிற ஆளின் சாதியும் அப்படியே இருந்தது. நகர சுகாதாரத்துக்கான தேசிய நிதியின் தொடக்க அத்தியாயம் என்று நான் இதைத்தான் சொல்வேன். பின்னால் வந்த அத்தியாயங்களும் இதே அச்சில் வார்க்கப்பட்டவை.

1980-81இல் குறைந்த செலவுக் கழிப்பறைத் திட்டம் வந்தது. 1993இல் எடுப்புக் கக்கூஸைத் தடை செய்யும் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் முகப்புரையை மாணவர்கள் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். மனிதச் சுற்றுச்சூழலைப் பாதுகாத்து மேம்படுத்துவது அதில் நோக்கமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. 2013 சட்டத்தின் முகப்புரை வேறு மாதிரி: வரலாற்று அநீதியையும் இழிவையும் சரிசெய்வது பற்றிப் பேசுகிறது. இருபது ஆண்டுகள் தொழிலாளர்களும் சஃபாய் கர்மசாரி அந்தோலன் போன்ற இயக்கங்களும் போராடியதன் விளைவு அந்த மாற்றம். சட்டத்தின் மொழி மாறியது; நிதித் திட்டங்களின் மொழி இன்னும் 1993லேயே நிற்கிறது. அங்கே சுற்றுச்சூழல் உண்டு, தூய்மை உண்டு, லிட்டர் உண்டு, டன் உண்டு. அநீதி என்ற சொல் கிடையாது.

சிறு நகரங்களுக்காக 2005இல் வந்த உட்கட்டமைப்புத் திட்டத்தில் ஒன்றிய அரசு 80 பங்கு, மாநிலம் 10, நகராட்சி 10. தாராளமான கணக்குதான். ஆனால் அந்தப் பணம் கட்டுவதற்கு, ஓட்டுவதற்கு அல்ல. அம்ருத்திலும் அப்படித்தான். பராமரிப்புச் செலவு திட்டச் செலவில் சேராது. நகராட்சி தன் வரியிலும் கட்டணத்திலும் பார்த்துக்கொள்ள வேண்டும். வரி வருவாய் குறைந்த ஒரு சிறிய நகராட்சி அந்தச் செலவை எப்படிச் சமாளிக்கும்? மின் கட்டணத்தைக் குறைக்க முடியாது, டீசல் விலையைக் குறைக்க முடியாது. குறைக்க முடிந்தது ஒன்றே ஒன்று, கூலி. நிரந்தரப் பணியிடம் காலியானால் நிரப்புவதில்லை, ஒப்பந்தக்காரரிடம் விடுகிறார்கள். 2022இல் வந்த 139, 152 எண் அரசாணைகளைத் திரும்பப் பெறச் சொல்லி தொழிற்சங்கங்கள் போராடுவது இதனால்தான். 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகைக்கு முன்னால் தூய்மைப் பணியாளர்கள் 13 நாள் உட்கார்ந்திருந்ததும், நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டதும் உங்களுக்குத் தெரியும். அவர்கள் கேட்டது புதிய வண்டி அல்ல.

2021 அக்டோபரில் தூய்மை இந்தியா இயக்கத்தின் இரண்டாம் கட்டம் தொடங்கியது. ஒரு லட்சத்துக்கும் குறைந்த ஊர்களின் கழிவுநீருக்கும் அதில் நிதி உண்டு. ஆக, தேனி மாவட்ட நகராட்சிகளுக்கு இப்போது ஒரு கதவு திறந்திருக்கிறது. இந்த நிதியை எதிர்க்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. செப்டிக் டேங்க் கழிவு ஆற்றோரத்தில் கொட்டப்படும் வரை, அதற்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் நாமாகத்தான் இருப்போம். சுத்திகரிப்பு நிலையம் நமக்கு வேண்டும். அதை எந்த இடத்தில் கட்டுகிறார்கள், யாருடைய குடியிருப்புக்கு அருகில், அதில் யார் எந்தக் கூலிக்கு வேலை செய்வார்கள் என்பது கட்டும் முன்பே எழுதப்பட வேண்டும் என்கிறேன்.

எழுத வைக்க வேண்டிய இடம் நகர்மன்றம். தமிழ்நாட்டில் 2016இல் நடந்திருக்க வேண்டிய நகராட்சித் தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் தனி அலுவலர்கள் கையெழுத்துப் போட்டார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாததால் நிதிக்குழு மானியமும் தடைபட்டது. ஒதுக்கப்பட்ட வார்டுகளில் நம் பெண்களும் ஆண்களும் உட்கார வேண்டிய நாற்காலிகள் அந்தக் காலத்தில் காலியாகக் கிடந்தன. வார்டு ஒதுக்கீடு பற்றி நாம் பேசுகிற அளவுக்கு இந்த இழப்பைப் பற்றிப் பேசியதில்லை.

சாக்கடைக் குழிக்குள் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இறந்த பிறகு கிடைக்கும் தொகை நமக்கு மனப்பாடம். உயிரோடு இருக்கும்போது கேட்க வேண்டியது 2013 சட்டத்தின் 33ஆம் பிரிவில் இருக்கிறது. சாக்கடையையும் செப்டிக் டேங்கையும் இயந்திரத்தால் சுத்தம் செய்வது உள்ளாட்சியின் கடமை. அதற்கு நிதியுதவி உள்ளிட்ட வழிகளில் ஊக்கம் தருவது அரசின் கடமை என்கிறது அந்தப் பிரிவு. மதுரைக் குழாய்க்கு நிதி கேட்டு விண்ணப்பிக்கத் தெரிந்த அரசுக்கு இந்தப் பிரிவும் தெரியும். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, உங்கள் நகராட்சியின் திட்ட அறிக்கையையும் பராமரிப்பு ஒப்பந்தத்தையும் கேளுங்கள். ஒப்பந்தத்தில் ஆள்கூலி எழுதியிருக்கும் பக்கத்தை முதலில் படியுங்கள். பிறகு அந்த வேலையைச் செய்கிறவரிடம் போய், கையில் எவ்வளவு வருகிறது என்று கேளுங்கள்.