மலிவுவிலை மின் கிதார்

மலிவுவிலை மின் கிதார் என்பது பெரும்பாலும் தொடக்கநிலை மாணவர்களுக்காகப் பேரளவு உற்பத்தி முறையில் குறைந்த செலவில் செய்யப்படும் மின் கிதார் ஆகும். ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்குவையர், கிப்சன் நிறுவனத்தின் எபிஃபோன், யமஹாவின் பசிஃபிகா ஆகியவை இவ்வகையில் பரவலாக அறியப்பட்டவை. பின்னர் எளிதில் மாற்ற முடியாத உறுப்புகள் எவ்வளவு ஒழுங்காகச் செய்யப்பட்டுள்ளன என்பதே இத்தகைய கருவியின் மதிப்பைப் பெரிதும் தீர்மானிக்கிறது. இக்கட்டுரையில் ஃபிரெட் என்பதற்கு வீணைக்கு வழங்கும் மெட்டு என்ற சொல்லும், பிரிட்ஜ் என்பதற்குக் குதிரை என்ற சொல்லும் ஆளப்படுகின்றன.

வரலாறு

1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சியர்ஸ் நிறுவனம் சில்வர்டோன் என்ற பெயரில் அஞ்சல்வழி மின் கிதார்களை விற்றது. டேன்எலக்ட்ரோ நிறுவனம் செய்து கொடுத்த அக்கருவிகளில் மரநாரை அழுத்திச் செய்த மேசனைட் பலகையே உடலின் மேற்புறமாக அமைந்தது. பிக்கப்புகள் உதட்டுச்சாயக் குழல்களுக்குள் வைக்கப்பட்டன. இவற்றை இன்று இசைக்கலைஞர்களும் சேகரிப்பாளர்களும் விரும்பி வாங்குகின்றனர்.

ஸ்குவையர் என்பது முதலில் 1890 இல் மிச்சிகன் மாநிலத்தில் தொடங்கப்பட்ட ஒரு தந்தி நிறுவனத்தின் பெயராகும். 1965 இல் ஃபெண்டர் அதனை வாங்கியது. 1970களில் ஜப்பானிய நிறுவனங்கள் ஸ்ட்ராட்டோகாஸ்டர் போன்ற அமெரிக்கக் கிதார்களைப் பார்த்துச் செய்த நகல்கள் தரத்திலும் விலையிலும் போட்டியாக வளர்ந்தன. இதற்கு விடையாக 1982 இல் ஃபெண்டர் ஜப்பானிலேயே ஸ்குவையர் கிதார்களைச் செய்விக்கத் தொடங்கியது. இப்பணியைச் செய்தது ஃபூஜிஜென் தொழிற்சாலையாகும். பின்னர் உற்பத்தி கொரியாவுக்கும், அதன்பின் சீனா, இந்தோனேசியா ஆகிய நாடுகளுக்கும் நகர்ந்தது.

செலவு குறைக்கப்படும் இடங்கள்

மின் கிதாரில் காற்றறை ஒலியைப் பெருக்குவதில்லை. காந்தப்புலத்தில் அதிரும் எஃகுத் தந்தி, கம்பிச்சுருளில் மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது. ஆகவே விலை குறைந்த மரத்தில் உடலைச் செய்தாலும் கருவி நன்கு இயங்கும். கணினியால் கட்டுப்படுத்தப்படும் வெட்டு இயந்திரங்கள் வந்தபின், மலிவான கிதாரின் உடலும் கழுத்தும்கூடத் துல்லியமாகவே வெட்டப்படுகின்றன. இன்று பெரிதும் மிச்சப்படுத்தப்படுவது மனித நேரம். மெட்டுகளைச் சமப்படுத்துதல், அவற்றின் முனைகளை மழுக்குதல், நட் எனப்படும் மேல்முனைக் கட்டையில் தந்திப் பள்ளங்களைச் சரியான ஆழத்திற்கு அராவுதல் ஆகிய கைவேலைகளே அவசரமாக முடிக்கப்படுகின்றன. ஒரே மாதிரியைச் சேர்ந்த இரு கிதார்களுள் ஒன்று இனிதாகவும் மற்றொன்று தொல்லையாகவும் இருப்பதற்கு முதன்மைக் காரணம் இதுவே.

கழுத்தும் மெட்டுகளும்

நட்டின் பள்ளங்கள் ஆழமற்று இருந்தால் முதல் சில மெட்டுகளில் தந்தி உயரமாக நிற்கும். மாணவர் முதலில் கற்கும் சுரக்கூட்டுகள் பெரும்பாலும் அங்கேயே உள்ளன. ஆறு தந்திகளையும் ஒரே விரலால் முதல் மெட்டில் அழுத்த வேண்டிய எஃப் மேஜர் அப்போது ஏறத்தாழ இயலாததாகிவிடும். மேலும், உயரமான தந்தியை அழுத்தும்போது அது கூடுதலாக இழுபட்டுச் சுருதி ஏறும். திறந்த தந்திகள் சரியாகச் சுருதி சேர்க்கப்பட்டிருந்தும் வாசிப்பு பிசிறும். தன் விரலும் காதும்தான் குறையுடையவை என எண்ணிக் கற்பதையே கைவிடும் மாணவர்கள் உண்டு. திறமையான பழுதுபார்ப்பவர் இக்குறையைக் குறைந்த நேரத்தில் நீக்கிவிடுவார்.

இதனைச் சோதிப்பது எளிது. ஒரு தந்தியை மூன்றாம் மெட்டில் அழுத்திப் பிடித்தால், முதல் மெட்டின்மேல் மெல்லிய தாள் நுழையும் அளவுக்கே இடைவெளி இருக்க வேண்டும். அடுத்து, முதல் மெட்டையும் கடைசி மெட்டையும் ஒருசேர அழுத்தி எட்டாம் மெட்டருகே பார்க்க வேண்டும். ஏறத்தாழ 0.25 மி.மீ. இடைவெளி இருப்பின் கழுத்தின் வளைவு சரி எனலாம். பதினேழாம் மெட்டில் தந்தியின் உயரம் ஏறத்தாழ 1.6 மி.மீ. இருப்பது ஃபெண்டர் வகைக் கிதார்களுக்கு வழக்கமான அளவாகும். வளைவு மிகுந்தோ குறைந்தோ இருந்தால் கழுத்தினுள் செல்லும் உலோகத் தண்டைத் திருகிச் சரிசெய்யலாம். தண்டு திரும்பாமல் இறுகியிருப்பினும், கழுத்து முறுக்கிக்கொண்டிருப்பினும் அக்கருவி எந்த விலைக்கும் தகாது.

ஒவ்வொரு தந்தியையும் எல்லா மெட்டுகளிலும் வாசித்துப் பார்த்தல் வேண்டும். ஓரிடத்தில் மட்டும் ஒலி இரைந்தால் அங்கே ஒரு மெட்டு மேலெழும்பியுள்ளது. வறண்ட காலத்தில் விரற்பலகை சுருங்குவதால் மெட்டுகளின் முனைகள் பக்கவாட்டில் துருத்திக் கையைக் கீறுவதும் உண்டு. இதை அராவிச் சரிசெய்யலாம்.

சுருதி

அடுத்தடுத்த மெட்டுகளிலிருந்து குதிரைக்குள்ள தொலைவுகள் 1.0595 என்ற விகிதத்தில் குறைந்துகொண்டே செல்கின்றன. 648 மி.மீ. தந்தி நீளமுள்ள ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகையில் முதல் மெட்டு நட்டிலிருந்து 36.4 மி.மீ. தொலைவிலும், பன்னிரண்டாம் மெட்டு 324 மி.மீ. தொலைவிலும் அமையும். பன்னிரண்டாம் மெட்டின்மேல் தந்தியை மெல்லத் தொட்டு எழுப்பும் ஒலியும், அங்கே அழுத்தி வாசிக்கும் ஒலியும் ஒத்திருக்க வேண்டும். ஒவ்வாவிடில் குதிரையிலுள்ள திருகைத் திருப்பித் தந்தியின் நீளத்தைக் கூட்டியோ குறைத்தோ கொள்ளலாம். இதனைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. புதிய கிதார்களுக்கும் இது தேவைப்படும்.

பிக்கப்பும் மரமும்

மலிவான பிக்கப்புகளில் பெரும்பாலும் பீங்கான்வகைக் காந்தம் பயன்படுகிறது. விலையுயர்ந்தவற்றில் அல்நிகோ மிகுதி. ஒற்றைச்சுருள் பிக்கப் மின்வழங்கலின் இரைச்சலை வாங்கிக்கொள்வது இயல்பேயாகும், விலையுயர்ந்த கிதாரிலும் அது கேட்கும். பிக்கப், முறுக்காணி, சுவிட்சு ஆகிய அனைத்தும் பின்னர் மாற்றத்தக்கவை.

விரற்பலகையின் மரம் குறித்து விற்பனையாளர்கள் மிகுதியாகப் பேசுவர். 2017 முதல் 2019 வரை ஈட்டி மரப் பேரினத்தின் மீதான பன்னாட்டு வணிகக் கட்டுப்பாடு இசைக்கருவிகளுக்கும் பொருந்தியதால், பல நிறுவனங்கள் வேறு மரங்களை நாடின. ஸ்குவையர் கிதார்களில் காணப்படும் "இந்திய லாரல்" தமிழ்நாட்டுக் காடுகளிலும் வளரும் கருமருதே. மெட்டுகள் ஒழுங்காகப் பதிந்திருந்தால் இரண்டுக்கும் வாசிப்பில் பெரிய வேறுபாடு இல்லை.

மொத்தச் செலவு

கிதாரின் விலையுடன் ஒலிபெருக்கி, இணைப்பு வடம், முதற்சீரமைப்புக் கூலி ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் தரும் தொகுப்புகளில் ஒலிபெருக்கியே பெரும்பாலும் நலிந்த உறுப்பாக இருக்கும்.

பயன்படுத்திய கருவிகளில் மெட்டுகளின் தேய்மானத்தைக் கவனிக்க வேண்டும். தந்திக்குக் கீழே ஆழமான பள்ளங்கள் விழுந்திருந்தால் மெட்டுகளை மாற்ற நேரிடும். அதற்கான கூலி சில வேளைகளில் கிதாரின் விலையையே எட்டிவிடும். மாறாக, உடலில் உள்ள கீறல்களும் வண்ணச் சிதைவுகளும் விலையைக் குறைக்குமே தவிர ஒலியைப் பாதிப்பதில்லை. 1982 முதல் ஜப்பானில் செய்யப்பட்ட, வரிசை எண் "ஜே.வி." எனத் தொடங்கும் ஸ்குவையர் கிதார்கள், இன்று பல புதிய ஸ்குவையர்களைவிடக் கூடுதல் விலைக்கு விற்கப்படுகின்றன.