பாட்டும் கருவியும் ஓர் உறையில்



ஓர் இளைஞன் தன் வீட்டு அறையில் தனியே அமர்ந்து ஒரு பாட்டுக்கு மெட்டமைக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவனுக்கு ஆசான் இல்லை, சபை இல்லை, உடன் வாசிக்க ஒரு குழுவும் இல்லை. அமைத்த பாட்டு நன்றா தீதா என்று அவனுக்கு யார் சொல்வர்? வீட்டார் அன்பினால் புகழ்வர். அயலார் பொறுமையினால் வாளா இருப்பர். குறையை எடுத்துச் சொல்லவல்ல செவியோ எங்கோ தொலைவில், வேறோர் ஊரில், வேறொரு மொழி பேசும் வீட்டில் இருக்கிறது. அத்தகைய செவிகளைத் தேடிக் கண்டுகொண்ட ஓர் இளைஞர் கூட்டத்தின் வரலாற்றைத்தான் இன்று சொல்ல விரும்புகிறேன். அது நிகழ்ந்த இடம் பெரும்பாலும் ஐரோப்பா; காலம் 1987க்குப் பிந்திய சுமார் பத்தாண்டுகள்.

அமெரிக்காவின் கமடோர் நிறுவனம் 1985ஆம் ஆண்டில் அமிகா என்னும் கணினியை வெளியிட்டது. அதனுள் ‘பௌலா’ என்று பெயரிட்ட ஒரு சில்லு இருந்தது. அதற்கு முன் வந்த வீட்டுக் கணினிகள் பெரும்பாலும் தாமே உண்டாக்கிய எளிய ஒலிகளையே எழுப்பின. பௌலாவோ, பதிவு செய்த ஒலியைத் திரும்ப ஒலிக்க வல்லது. அதுவும் ஒரே நேரத்தில் நான்கு ஒலிகளை. மேளத்தின் ஓர் அடியையோ, கண்ணாடிக் குவளையைத் தட்டும் ஓசையையோ பதிந்து கொடுத்தால் போதும். விரைவாக ஓட்டினால் அது மேல் சுரமாகும். மெதுவாக ஓட்டினால் கீழ்ச் சுரமாகும். ஒரு துணுக்கு ஒலியே ஒரு முழு வாத்தியமாகிவிடும்.

ஆயின் கருவி இருந்து என்ன பயன்? அதை வாசிக்கும் வழி வேண்டுமே. அக்காலத்தில் கணினி விளையாட்டுகளுக்கு இசையமைத்தவர் பலர், சுரங்களை எண்களாக மாற்றி, நிரல் எழுதுவது போலவே எழுதிவந்தனர். 1987இல் ஜெர்மானியரான கார்ஸ்டன் ஒபார்ஸ்கி என்பவர் ‘அல்டிமேட் சவுண்ட்டிராக்கர்’ என்ற மென்பொருளைச் செய்தார். திரையில் நான்கு பத்திகள்; ஒவ்வொரு பத்தியிலும் 64 வரிகள். ஒவ்வொரு வரியிலும் இன்ன சுரம், இன்ன வாத்தியம், இன்ன விளைவு என்று குறித்தால், வரிகள் கீழிருந்து மேலாக நகர நகரப் பாட்டு ஒலிக்கும். அச்சில் வரும் மேனாட்டு இசைக்குறிப்பைப் படிக்கத் தெரியாதவனும் ஒரு மாலைப்பொழுதில் இதனைப் பழகிவிடலாம்.

அம்மென்பொருள் விலைக்கு வந்தது. எனினும் அது பரவியது விற்பனையால் அன்று. மற்ற இளைஞர்கள் ஆசிரியரின் இசைவைக் கேளாமலே அதைப் பிரித்துத் திருத்தித் தம்முள் வழங்கிக்கொண்டனர். 1989இல் ஸ்வீடனிலிருந்து ‘நாய்ஸ்டிராக்கர்’ வந்தது. அடுத்து ‘புரோடிராக்கர்’ வந்தது. இச்செயல் நேர்மையானதா என்று நீங்கள் கேட்கலாம். நேர்மையானதென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நடந்தது அதுதான்.

இங்கே ஒரு நுட்பத்தைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். இம்மென்பொருள்கள் உண்டாக்கிய கோப்புக்கு ‘மாட்யூல்’ என்று பெயர். அதனுள் சுரக்குறிப்பு மட்டும் இல்லை. அப்பாட்டுக்கு வேண்டிய வாத்திய ஒலிகளும் உடன் இருந்தன. பாட்டுப் புத்தகம் ஒன்று வாங்கினால், அதற்குள்ளேயே வீணையும் மிருதங்கமும் மடித்து வைத்திருந்தால் எப்படி இருக்கும்? ஏறத்தாழ அவ்வாறே. மாட்யூலைப் பெற்றவன் அதைக் கேட்கலாம். கேட்டபின் திறந்து வரிவரியாகப் பார்க்கலாம். நான்கே குரல் இருக்க, ஐந்தாறு சுரம் சேர்ந்து ஒலிப்பதுபோல் தோன்றுகிறதே, எப்படி? திறந்து பார்த்தால் விடை தெரியும்: ஒரு குரலிலேயே மூன்று சுரங்களை மின்னல் வேகத்தில் மாற்றி மாற்றி ஒலித்து, செவியை மயக்கியிருக்கிறான். மறுநாள் கேட்டவனும் அந்தத் தந்திரத்தைத் தன் பாட்டில் செய்து பார்ப்பான். ஆசான் இல்லாதவர்களுக்கு ஒவ்வொரு பாட்டும் ஆசானாயிற்று.

அளவும் அவர்களுக்கு அனுகூலமாக இருந்தது. நொடிக்கு 2,400 பிட் கடத்தும் மோடம் ஒன்றைக் கொண்டு, தொலைபேசிக் கம்பி வழியே 1,00,000 பைட் அளவுள்ள மாட்யூலை அனுப்ப ஏழு நிமிடம் பிடிக்கும். அதே மூன்று நிமிடப் பாட்டைக் குறுந்தகட்டின் தரத்தில் பதிந்து அனுப்பினால் முப்பத்தாறு மணி நேரத்துக்கும் மேலாகும்! தொலைபேசிக் கட்டணம் செலுத்தும் தந்தையர் ஏழு நிமிடத்தைப் பொறுப்பர். முப்பத்தாறு மணியைப் பொறுப்பரோ? மோடம் இல்லாதவர்கள் 880 கிலோபைட் கொள்ளும் வட்டுகளை அஞ்சல் உறையில் இட்டு நாடுவிட்டு நாடு அனுப்பினர்.

அபிப்பிராயம் எவ்வாறு திரும்பி வந்தது? இதுவே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கோப்பில் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் பெயர் எழுத 22 எழுத்துகளுக்கு இடம் உண்டு. முதலில் 15 வாத்தியங்கள், பின்னர் 31. இளைஞர்கள் அங்கே பெயர் எழுதவில்லை, கடிதம் எழுதினர். நண்பர்களுக்கு வாழ்த்து, பாட்டு பிறந்த கதை, ‘கேட்டவர் எழுதுக’ என்ற வேண்டுகோள், சில சமயம் வீட்டு முகவரியும்கூட, எல்லாம் வாத்தியப் பட்டியலில் வரிவரியாக வந்தன. மறுமொழி அஞ்சலட்டையாகவும் வந்தது. திருத்திய மாட்யூலாகவும் வந்தது. ‘இந்த இடத்தில் தாளம் தளர்கிறது’ என்று எழுதுவதைவிட, தளர்ந்த வரியைத் தானே மாற்றி அனுப்புவது தெளிவான விமரிசனம் அல்லவா?

நேரிலும் கூடினர். 1991 டிசம்பரில் டென்மார்க்கின் ஆர்ஸ் என்னும் ஊரில் ‘தி பார்ட்டி’ என்ற கூட்டமும், 1992இல் பின்லாந்தில் ‘அசெம்பிளி’ என்ற கூட்டமும் தொடங்கின. கணினிகளைத் தூக்கிக்கொண்டு வந்து, பெரிய ஒலிபெருக்கியில் பாட்டுகளைப் போட்டுக் கேட்டு, வந்தவர்களே வாக்களித்தனர். 1993 அசெம்பிளியில் முதலிடம் பெற்ற ‘செகண்ட் ரியாலிட்டி’ என்ற படைப்பின் இசையைப் பர்ப்பிள் மோஷன், ஸ்கேவன் என்ற புனைபெயருடைய இருவர் அமைத்தனர். பெரிய மண்டபத்தில் அதிரும் பாட்டுக்கே கை அதிகம் எழும் என்பதையும் மறைக்கலாகாது. மென்மையான பாட்டுக்கு, தனியறையில் கேட்பவனின் கடிதமே தகுந்த நீதிமன்றம்.

திறந்த பெட்டிக்குத் திருடரும் உண்டு. ஒருவன் அரும்பாடுபட்டுச் செதுக்கிய வாத்திய ஒலியை இன்னொருவன் எடுத்துக்கொள்வான். முழுப் பாட்டையே பெயர் மாற்றித் தனதென்று சொன்னவரும் இருந்தனர். அத்தகையோரைக் கூட்டம் இகழ்ந்தது. ஆயினும் பெரும்பாலோர் பெட்டியைப் பூட்டவில்லை. தாமும் பிறர் பெட்டியைத் திறந்து கற்றவர்களே என்பது அவர்களுக்கு நினைவிருந்தது போலும்.

பின்னர் இணையம் பரவியது. 1992 முதல் 1998 வரை ‘ஹார்னெட்’ என்ற இணையக் களஞ்சியம் இப்பாட்டுகளைத் திரட்டியது. 1996இல் ‘மாட் ஆர்கைவ்’ தோன்றி இன்றளவும் இயங்குகிறது. ஆனால் 1995இல் ‘எம்பி3’ என்ற பெயர் பெற்ற ஒலிக்கோப்பு முறை சில ஆண்டுகளில் உலகை வென்றது. எந்தக் கருவியில் எப்படிச் செய்த இசையையும் அது சுமக்கும். ஆனால் திறந்து காட்டாது. 2008இல் தொடங்கிய சவுண்ட்கிளவுட் என்ற தளத்தில், பாட்டின் இன்ன நொடியில் இன்னது நன்று என்று கேட்பவர் குறிக்கலாம். நல்ல வசதிதான். எனினும் அந்நொடியில் இசையமைத்தவன் கை என்ன செய்தது என்பதை அவர் காண இயலாது. நயம் சொல்வோர் பல்கினர். உள்ளே பார்த்துச் சொல்வோர் அருகினர் என்பது என் கருத்து.

இக்கலை வளர்ந்த ‘டெமோசீன்’ மரபைப் பின்லாந்து 2020இல் தன் வாழும் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. உங்கள் கல்லூரிக் கணினியிலும் ‘ஓப்பன்எம்பிடி’ போன்ற இலவச மென்பொருளால் 1989ஆம் ஆண்டு மாட்யூல் ஒன்றைத் திறக்கலாம். வரிகள் மேலே நகரும், பாட்டு ஒலிக்கும். வாத்தியப் பட்டியலைப் பாருங்கள். பதினாறு பதினேழு வயதுப் பையன் ஒருவன் தன் நண்பர்களின் பெயர்களை எழுதி, கேட்டவர்கள் தனக்கு எழுத வேண்டும் என்று அங்கே இன்னும் கேட்டுக்கொண்டிருப்பான்.