மீன் இருப்பு மதிப்பீடு

மீன் இருப்பு மதிப்பீடு என்பது ஒரு கடற்பகுதியில் வாழும் குறிப்பிட்ட மீனினத்தின் தொகை எவ்வளவு, அது கூடுகின்றதா குறைகின்றதா, அதிலிருந்து ஆண்டுதோறும் எவ்வளவு பிடிக்கலாம் ஆகிய வினாக்களுக்குப் புள்ளியியல் மாதிரிகளின் துணைகொண்டு விடை காணும் துறையாகும். மீன்வள மேலாண்மையில் பிடிப்பு அளவு, தடைக்காலம், வலைக்கண் அளவு போன்றவற்றை முடிவு செய்ய இம்மதிப்பீடுகள் பயன்படுகின்றன. கடலில் உள்ள மீன்களை நேரடியாக எண்ண இயலாது. எனவே கரைக்கு வந்த மீன்களைக் கொண்டு கடலில் எஞ்சியவற்றைக் கணிக்க வேண்டியுள்ளது. இத்துறையின் சிக்கல்களுள் பெரும்பாலானவை இங்கிருந்தே தொடங்குகின்றன.

தரவுகள்

மதிப்பீட்டிற்கு முதலில் தேவைப்படுவது எவ்வளவு மீன் பிடிக்கப்பட்டது என்னும் கணக்கு. அடுத்தது பிடிபட்ட மீன்களின் வயது. குளிர்ந்த கடல்களில் வாழும் மீன்களின் செவிக்கல்லில் மரத்தின் ஆண்டு வளையங்களைப் போன்ற வளையங்கள் உருவாவதால், அவற்றை எண்ணி வயதை அறியலாம். நார்வே நாட்டு அறிஞர் யோகன் யோர்ட் 1914 இல் வெளியிட்ட ஆய்வில், 1904 இல் பிறந்த ஹெர்ரிங் மீன்கள் மட்டுமே தொடர்ந்து பல ஆண்டுகள் பிடிப்பில் மிகுந்திருந்ததைக் காட்டினார். ஒரு மீன்வளத்தின் ஏற்ற இறக்கம் சில நல்ல பிறப்பாண்டுகளைப் பொறுத்தது என்னும் கருத்து இதன் பின்னரே வேரூன்றியது.

வெப்பமண்டலக் கடல்களில் பருவ வேறுபாடு குறைவு என்பதால் இவ்வளையங்கள் தெளிவாக அமைவதில்லை. ஆகவே இந்தியா உள்ளிட்ட நாடுகளில் வயதிற்குப் பதிலாக நீள அளவுகளின் பரவலைக் கொண்டு வளர்ச்சியைக் கணிக்கும் முறைகள் பெரிதும் பயன்படுத்தப்பட்டு வந்துள்ளன.

மூன்றாவது, மீன் மிகுதியைக் காட்டும் ஒரு சுட்டெண். ஆய்வுக் கப்பல்கள் எழுமாறாகத் தெரிந்தெடுத்த இடங்களில் ஒரே வகை வலையை ஒரே முறையில் இழுத்துப் பெறும் அளவு ஒரு வகைச் சுட்டெண். வணிகப் படகுகள் ஒரு மணிநேரத்திற்கு எவ்வளவு பிடித்தன என்னும் பிடிப்பு வீதம் மற்றொன்று. இரண்டாவது மலிவாகக் கிடைக்கும்; ஆனால் மீனவர் எழுமாறாக வலை வீசுவதில்லை, மீன் உள்ள இடத்தைத் தேடியே செல்கின்றார் என்பதை மறந்துவிடக்கூடாது.

மாதிரிகள்

எளிய மாதிரி, மில்னர் சேஃபர் 1954 இல் வெளியிட்ட உபரி உற்பத்தி மாதிரியாகும். இதன்படி அடுத்த ஆண்டின் இருப்பு, இவ்வாண்டின் இருப்புடன் இயற்கை வளர்ச்சியைக் கூட்டிப் பிடிப்பைக் கழித்தால் கிடைக்கும். இருப்பு கடலின் கொள்ளளவில் பாதியாக உள்ளபோது வளர்ச்சி மிகுதியாக இருக்கும். எடுத்துக்காட்டாக, கொள்ளளவு 1,00,000 டன், வளர்ச்சி வீதம் ஆண்டுக்கு 0.4 எனில், இருப்பு 50,000 டன்னாக உள்ளபோது ஆண்டுக்கு 10,000 டன் வரை இருப்புக் குறையாமல் பிடிக்கலாம். தாளில் இது எளிது. ஆனால் இவ்விரு எண்களையும் யாரும் நேரில் அளந்ததில்லை. தரவுகளிலிருந்தே அவற்றை ஊகிக்க வேண்டும்.

வயதுவாரி மாதிரிகள் ஒவ்வொரு பிறப்பாண்டுத் தொகுதியையும் தனியே பின்தொடர்கின்றன. இவற்றின் அடிப்படைச் சமன்பாட்டை உருசிய அறிஞர் பரானோவ் 1918 இல் தந்தார். இங்கிலாந்தின் ரேமண்ட் பெவர்டன், சிட்னி ஹோல்ட் ஆகியோர் 1957 இல் வெளியிட்ட நூல் இக்கோட்பாட்டை விரிவாக நிறுவியது. இயற்கை இறப்பு வீதம் 0.2, மீன்பிடி இறப்பு வீதம் 0.5 என்றால், ஓராண்டில் ஏறத்தாழப் பாதி மீன்களே எஞ்சும்.

பின்னர்ப் பரவலான முறை இதைப் பின்னோக்கிக் கணிப்பதாகும். ஒரு தொகுதியிலிருந்து பிடிக்கப்பட்ட மீன்களையும் இயற்கையாக இறந்திருக்கக்கூடியவற்றையும் முதிய வயதிலிருந்து தொடங்கி ஒவ்வோர் ஆண்டாகக் கூட்டிச் சென்றால், அத்தொகுதி இளமையில் எவ்வளவு இருந்தது எனத் தெரியும். இறந்த காலத்தை இது நன்கு காட்டும். ஆனால் இன்னும் கடலில் உள்ள தொகுதிகளின் கணக்கு முடியவில்லை என்பதால், அண்மை ஆண்டுகளின் மதிப்பு சுட்டெண்களையே நம்பியிருக்கும். ஆட்சியாளருக்குத் தேவைப்படுவதோ அந்த அண்மை ஆண்டின் மதிப்புத்தான்.

நியூபவுண்ட்லாந்தின் காட் மீன்

இந்தப் பலவீனத்தின் விளைவு கனடாவின் நியூபவுண்ட்லாந்து, லாப்ரடோர் கடற்பகுதியில் வெளிப்பட்டது. இங்கு 1968 இல், பெரும்பாலும் வெளிநாட்டுக் கப்பல்களால், ஏறத்தாழ 8,10,000 டன் காட் மீன் பிடிக்கப்பட்டது. 1977 இல் கனடா 200 கடல் மைல் எல்லையை அறிவித்து மேலாண்மையைத் தன் கையில் எடுத்தது. ஆண்டுதோறும் பிடிக்கத்தகு மீன்களில் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் பிடிப்பது என்பது கொள்கை. இருப்பு மீள்வதாக மதிப்பீடுகள் கூறின.

1980களின் நடுப்பகுதியில் கரையோரச் சிறுபடகு மீனவர்கள் தங்கள் பிடிப்பு குறைவதாகவும் மீன்கள் சிறுத்துவிட்டதாகவும் முறையிட்டனர். ஆழ்கடல் இழுவைக் கப்பல்களின் பிடிப்பு வீதமோ உயர்ந்தே இருந்தது. காட் மீன்கள் எண்ணிக்கையில் குறைந்தாலும் எஞ்சியவை நெருங்கித் திரளும், கருவிகளும் மேம்பட்டிருந்தன, எனவே கப்பல்கள் கடைசித் திரள் வரை தேடிப் பிடித்தன. ஆய்வுக் கப்பல்களின் சுட்டெண் அந்த அளவு உயர்வைக் காட்டவில்லை. வணிகப் பிடிப்பு வீதத்திற்கும் மாதிரியில் இடமளிக்கப்பட்டதால் இருப்பு மிகையாக மதிப்பிடப்பட்டது.

1989 இல் மறுகணக்கிட்டபோது, உண்மையான மீன்பிடி இறப்பு கொள்கை அளவைப் போல் இருமடங்கிற்கும் மேல் இருந்தது தெரியவந்தது. அறிவியலாளர் பிடிப்பு அளவை 1,25,000 டன்னாகக் குறைக்கப் பரிந்துரைத்தனர். அரசு 2,35,000 டன் என முடிவு செய்தது. ஆக, தவறு மாதிரியில் மட்டும் இல்லை. 1992 சூலை 2 அன்று மீன்வள அமைச்சர் ஜான் கிராஸ்பி மீன்பிடித் தடையை அறிவித்தார். ஏறத்தாழ 30,000 பேர் வேலை இழந்தனர். இரண்டு ஆண்டுகளுக்கென அறிவிக்கப்பட்ட தடை முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

பிற்கால மாதிரிகள்

பழைய மதிப்பீடுகளில் இயற்கை இறப்பு எல்லா ஆண்டுகளுக்கும் 0.2 என மாறாமல் வைக்கப்பட்டிருந்தது. பிடிப்புக் கணக்கும் பிழையற்றதாகக் கொள்ளப்பட்டது. பின்னர் வந்த நிலைவெளி மாதிரிகள் மீன் தொகையின் இயல்பான ஏற்ற இறக்கத்தையும் அளவீட்டுப் பிழையையும் பிரித்துக் கையாள்கின்றன. நோயல் கடிகன் இதே காட் மீனுக்கு 2016 இல் வெளியிட்ட மாதிரி, இயற்கை இறப்பு ஆண்டுக்கு ஆண்டு மாற இடமளித்து, கணக்கில் வராத பிடிப்பையும் கருத்தில் கொண்டது. 1990களின் தொடக்கத்தில் இயற்கை இறப்பும் கடுமையாக உயர்ந்ததாக அது கணித்தது. வீழ்ச்சிக்கு மீன்பிடிப்பு எவ்வளவு, குளிரும் இரைக் குறைவும் எவ்வளவு காரணம் என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

2023 இல் இம்மாதிரியின் தரவு 1954 வரை பின்னோக்கி நீட்டப்பட்டது. அபாய எல்லையைக் குறிக்கும் அளவும் அதனால் கீழிறங்கியது. அதுவரை 'அபாய நிலை'யில் இருந்ததாகக் கருதப்பட்ட மீனிருப்பு, 2016 முதலே 'எச்சரிக்கை நிலை'யில் இருந்துவந்ததாக வகைமாற்றம் பெற்றது. கடலில் மீன் கூடியதால் வந்த மாற்றம் அன்று இது. 2024 சூன் மாதத்தில் கனடா அரசு தடையை நீக்கி, 18,000 டன் பிடிக்க அனுமதித்தது. சூழல் அமைப்புகள் அம்முடிவை எதிர்த்தன.