ஒரு நாளும் முந்நூறு வாக்குகளும்: 1848ஆம் ஆண்டுப் பென்சில்வேனியா ஆளுநர் சிறப்புத் தேர்தல்

முன்னுரை

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மாநில ஆளுநர் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படுபவர். அவர் பதவிக்காலத்தின் இடையில் விலகினால் ஆட்சி யாரைச் சேரும் என்னும் வினாவைப் பென்சில்வேனியா 1848இல் எதிர்கொண்டது. அதன் விளைவாக நடந்த சிறப்புத் தேர்தலில் வாக்கு வேறுபாட்டைப் போலவே பதவி விலகிய நாளும் முதன்மை பெற்றதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பதவி விலகலும் அரசியலமைப்பும்

1847இல் இரண்டாம் முறை வெற்றிபெற்ற ஜனநாயகக் கட்சியின் பிரான்சிஸ் ஷங்க், காசநோய் முற்றியதால் 1848 ஜூலை 9 அன்று பதவி விலகினார், அம்மாதமே மறைந்தார். அன்று அம்மாநிலத்தில் துணை ஆளுநர் பதவி இல்லை. 1838ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி மாநில மேலவைத் தலைவர் ஆளுநர் பொறுப்பை ஏற்பார். அடுத்த அக்டோபர்த் தேர்தலில் புதிய ஆளுநர் தேர்ந்தெடுக்கப்படுவார். ஆனால், தேர்தலுக்கு முந்தைய மூன்று மாதங்களுக்குள் பதவி வெறுமையானால் தேர்வு மறுஆண்டுக்குத் தள்ளிப்போகும்.

1848இல் தேர்தல் நாள் அக்டோபர் 10. எனவே ஜூலை 9 அந்த எல்லைக்குச் சற்றே வெளியில் அமைந்தது. மேலவைத் தலைவரான வில்லியம் ஜான்ஸ்டன் எதிர்க்கட்சியான விக் கட்சியினர். விலகல் சில நாள் பிந்தியிருப்பின், ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்படாமலேயே அவர் ஓராண்டுக்கு மேல் ஆட்சி செய்திருப்பார். ஜூலை 26 அன்று அவர் பொறுப்பேற்றார்.

தேர்தல் களம்

இரும்பும் நிலக்கரியும் வளர்ந்துவந்த அம்மாநிலத்தில் இறக்குமதி வரி வாழ்வாதாரச் சிக்கலாக இருந்தது. வரியைக் குறைத்த 1846ஆம் ஆண்டுச் சட்டம், பென்சில்வேனியரான துணைக் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் டல்லாஸின் முடிவு வாக்கால் நாடாளுமன்ற மேலவையில் நிறைவேறியிருந்தது. காப்பு வரியை வலியுறுத்திய ஜான்ஸ்டனுக்கு இச்சூழல் துணைநின்றது. அவரை எதிர்த்து ஜனநாயகக் கட்சியின் மோரிஸ் லாங்ஸ்ட்ரெத் போட்டியிட்டார். பதிவான 3,36,000க்கும் மேற்பட்ட வாக்குகளில் ஜான்ஸ்டன் ஏறத்தாழ 300 வாக்கு வேறுபாட்டில் வென்றார். அதாவது ஆயிரத்துக்கு ஒரு வாக்குக்கும் குறைவு.

முடிவுரை

ஷங்க் விலகிய நாள் வாக்காளருக்குத் தேர்வுரிமையை உடனே அளித்தது. அவ்வாக்காளரோ அவரது கட்சியைக் கைவிட்டனர். இடைக்காலப் பொறுப்பாளரான ஜான்ஸ்டன் மூன்றாண்டு முழுப் பதவிக்காலத்தைப் பெற்றார். 1873ஆம் ஆண்டு அரசியலமைப்பு துணை ஆளுநர் பதவியை உருவாக்கி, எஞ்சிய காலத்தை அவரிடம் ஒப்படைத்தது. அதனால் ஆட்சித் தொடர்ச்சி உறுதிபெற்றது. இடைக்காலத்தில் ஆளுநரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு வாக்காளரிடமிருந்து நீங்கியது. வெறுமையான பதவியை நிரப்பும் விதி, வாக்குரிமையின் எல்லையையும் வரையறுக்கிறது என்பது இதனால் புலனாகிறது.