குமுளிக்குக் கீழே: கூடலூர் மலையடிவாரத்தின் வரலாறு

கம்பம் பள்ளத்தாக்கின் தென்மேற்குக் கோடியில், மலை எழும்பும் இடத்துக்குச் சற்று முன்னால் இருக்கிறது கூடலூர். தேனியிலிருந்து குமுளிக்கும் தேக்கடிக்கும் போகும் வண்டிகள் இந்த ஊரைக் கடந்துதான் மலையேறுகின்றன. நின்றால் ஒரு தேநீருக்கு நிற்கும். தேக்கடியில் படகேறுபவர்கள் பார்க்கும் ஏரியோ வைகைப் படுகையின் வயல்களுக்காகத் தேக்கப்பட்டது. அந்த ஏரியின் கதையில் பாதி கூடலூருக்கும் மலையடியில் உள்ள லோயர்கேம்புக்கும் இடையில்தான் நடந்தது.

ஏரியைவிடப் பல நூற்றாண்டு மூத்தது, மேலே மலைமுகட்டில் சுமார் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கும் மங்கலதேவி கண்ணகி கோயில். கற்கள் சரிந்து, கூரை இழந்து கிடந்த இந்த இடத்தை 1963-இல் ஆராய்ந்த பேராசிரியர் சி. கோவிந்தராசனார், சிலப்பதிகாரம் கூறும் கண்ணகி கோட்டம் இதுவே என்று அறிவித்தார். மதுரையை எரித்த கண்ணகி வைகைக் கரையோடு நடந்து நெடுவேள்குன்றம் ஏறினாள் என்கிறது காப்பியம். அந்த வழித்தடத்துக்கு இந்த மலை நன்றாகவே பொருந்துகிறது. ஆனாலும் காப்பிய ஆசிரியர் இளங்கோ குறித்த குன்றம் இதுதான் என்பதை அறிஞர்கள் எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிடவில்லை.

கோயில் பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள், தமிழக–கேரள எல்லையில் இருப்பதால் ஆண்டுக்கு ஒரே நாள், சித்திரா பௌர்ணமியன்று மட்டும் வழிபாட்டுக்கு அனுமதி உண்டு. தேனி, இடுக்கி மாவட்ட நிர்வாகங்கள் சேர்ந்து ஏற்பாடு செய்கின்றன. குமுளியிலிருந்து காட்டுப் பாதையில் ஜீப் போகும். தமிழகப் பக்கத்து வழி லோயர்கேம்பை அடுத்த பளியர் குடியிருப்பான பளியன்குடியிலிருந்து ஆறு கிலோமீட்டருக்கு மேல் நீளும் ஏற்றம். நடந்துதான் போக வேண்டும். பெண்கள் மஞ்சள் கயிறும் வளையலும் பிரசாதமாக வாங்கிக்கொள்வார்கள். இருட்டுமுன் எல்லோரும் இறங்கிவிட வேண்டும்.

இனி ஏரியின் கதை. அரபிக் கடலுக்கு ஓடும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் யோசனை வெள்ளைக்காரர்களோடு பிறந்ததல்ல. ராமநாதபுரத்துப் பிரதானி முத்திருளப்ப பிள்ளை 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அதை ஆராய்ந்தார். பணம் இல்லாமல் நின்றுபோனது. 1808-இல் மலையைப் பார்வையிட்ட கேப்டன் கால்டுவெல், இது நடக்காத காரியம் என்று எழுதிவிட்டுப் போனார். 1876–78 பஞ்சம் மதுரைச் சீமையை வாட்டிய பிறகே அரசு அசைந்தது. 1886 அக்டோபர் 29-இல் சென்னை அரசும் திருவிதாங்கூரும் 999 ஆண்டுக் குத்தகையில் கையெழுத்திட்டன. 8,000 ஏக்கர் நிலத்துக்கு, ஏக்கர் ஒன்றுக்கு ஐந்து ரூபாய் வாடகை. மறு ஆண்டு பொறியாளர் பென்னிகுயிக் முல்லைப் பெரியாறு அணை வேலையைத் தொடங்கினார்.

அடிவாரம் அப்போது ஒரு பட்டறையாகவே மாறியது. அம்மையநாயக்கனூர் ரயில் நிலையத்தில் இறங்கிய இயந்திரங்களும் தளவாடங்களும் மாட்டுவண்டிகளில் பள்ளத்தாக்கு முழுவதையும் கடந்து வந்தன. குருவனூத்துப் பக்கம் வெட்டிய சுண்ணாம்புக் கல் கம்பிவடத்தில் தொங்கியபடி மலையேறியது. சுண்ணாம்பும் செங்கல் பொடியான சுர்க்கியும் சேர்த்து அரைத்த காரைதான் அணையைப் பிடித்து நிற்கிறது. காட்டுக் காய்ச்சலுக்கும் வெள்ளத்துக்கும் பலியான கூலியாட்கள் ஏராளம். அணையைப் பற்றிய பேச்சில் பென்னிகுயிக் பெயர் வரும் அளவுக்கு அவர்கள் வருவதில்லை.

நீர் வருவதற்காக மலையைக் குடைந்து ஏறத்தாழ ஒரு மைல் நீளச் சுரங்கம் வெட்டினார்கள். அதன் வழியே வந்த பெரியாற்று நீர் வைரவனாற்றில் விழுந்து, சுருளியாற்றோடு சேர்ந்து வைகையை அடைந்தது. 1895 அக்டோபர் 10-இல் ஆளுநர் வென்லாக் பிரபு அணையைத் திறந்துவைத்தார். இன்றும் லோயர்கேம்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைவது இந்த நீரால்தான்.

அறுபது ஆண்டுகளுக்கு மேல் சும்மா விழுந்துகொண்டிருந்த தண்ணீரில் 1958 முதல் மின்சாரம் எடுக்கப்பட்டது. மலைமேல் போர்பே அணையில் நின்று, நான்கு ராட்சதக் குழாய்களில் இறங்கும் நீர் லோயர்கேம்ப் மின்நிலையத்தின் நான்கு இயந்திரங்களைச் சுழற்றுகிறது. முன்பு 140 மெகாவாட்டாக இருந்த திறன் பின்னர் 168 ஆனது. குழாய் ஒன்றுக்கு விநாடிக்கு 400 கனஅடி என்பது கணக்கு. 1,600-க்கு மேல் திறந்தால் மிச்சம் பாறையில் மோதி இரைச்சல் பாலத்தின் வழியே வரும். அந்தச் சத்தத்துக்காகவே வண்டியை நிறுத்துபவர்கள் உண்டு. பக்கத்திலேயே 2013 ஜனவரி 15-இல் திறக்கப்பட்ட பென்னிகுயிக் மணிமண்டபம் இருக்கிறது. அவர் பிறந்த நாளான அந்தத் தேதியில் விவசாயிகள் அங்கே பொங்கல் வைக்கிறார்கள்.

கூடலூர்ப் பக்கமிருந்து பார்த்தால், சுருளி அருவி பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கம், மேகமலைச் சரிவில் உள்ளது. ஆடி, தை அமாவாசைகளில் தர்ப்பணம் கொடுக்க வரும் கூட்டமே இங்கு அதிகம். மலையில் குகைகளும் உண்டு. மேட்டில் மழை வலுத்தால் வனத்துறை குளிக்க விடாது. யானை நடமாட்டம் இருந்தாலும் அப்படித்தான்.